வட்டச் சீட்டு

தலைமையாசிரியையின் மேசைமேல் முப்பத்தெட்டு நோட்டுகளும் இரண்டு அடுக்காக இருந்தன. ஒன்று உயரம், ஒன்று குட்டை. இரண்டுக்கும் ரப்பர் வளையம் போட்டு, உயரமானதன்மேல் 'பரவாயில்லை' என்றும் குட்டையானதன்மேல் 'தனிப் பிரிவு' என்றும் எழுதிய மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவள் பார்வை குட்டை அடுக்கின் உச்சியில் கிடந்த நோட்டிலேயே நின்றது. அட்டையின் மூலை மடங்கி மடங்கி நைந்துபோன நோட்டு. பெயரைப் பார்க்காமலே அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

“பதினொரு பேர்,” என்றாள் தலைமையாசிரியை, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. “அடுத்த பருவத்துலேர்ந்து பின் கட்டடத்துல உக்காருவாங்க. சொல் பட்டியல், எழுத்துப் பயிற்சி, மறுபடியும் சொல் பட்டியல். கதை புத்தகமெல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். இழுத்துப் பிடிச்சா தேறிடுவாங்க.”

“எதை வெச்சுப் பிரிச்சீங்க மேடம்?”

“நீங்க குடுத்த நோட்டை வெச்சுத்தான். ஒரு வட்டம், ரெண்டு வட்டம் யாருக்கு அதிகமா இருக்கோ அவங்க இந்தப் பக்கம். நாம மார்க் போட்டா அம்மா அப்பா சண்டைக்கு வருவாங்க. இது குழந்தைங்களே போட்டது. எனக்கு வாசிக்க வரலன்னு அவங்களே சொல்லிட்டாங்க. நாம சொல்ல என்ன இருக்கு?”

டீச்சருக்குக் காது மடல் சுட்டது. கோபம் வந்தால் அவளுக்குப் பேச்சு வராது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். அக்காவும் தங்கையும் கத்தித் தீர்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். இவள் மட்டும் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு உள்ளே கொதித்துக்கொண்டிருப்பாள். நான்காம் நாள், எல்லோரும் மறந்துபோன பிறகு, சமையலறையில் ஏதாவது ஒரு பாத்திரம் சத்தமாக விழும்.

“ஒரு வட்டம்னா வாசிக்க வராதுன்னு அர்த்தம் இல்ல மேடம்,” என்றாள் ஒருவழியாக. “அன்னிக்கு மனசு நிக்கலன்னு அர்த்தம்.”

“மனசு நிக்காட்டா வாசிப்பு எங்கேர்ந்து வரும்? ரெண்டும் ஒண்ணுதானே.”

தலைமையாசிரியை கெட்டவள் அல்ல. பதினொரு பேரோ பன்னிரண்டு பேரோ கொண்ட பட்டியல் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து வந்த தாள் அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. பின் கட்டடத்தில் ஓர் அறை காலி, ஓர் ஆசிரியை காலி, பிள்ளைகள்தான் பாக்கி. “நீங்கதானே கூட்டத்துல எழுந்து சொன்னீங்க, எங்க தடுக்கி விழறோம்னு குழந்தைக்குத்தான் தெரியும்னு? எல்லாரும் கை தட்டினோமே. நான் உங்க பேச்சைத்தான் கேட்டிருக்கேன்.”

அதுதான் பொறுக்க முடியவில்லை. அவள் பேச்சையேதான் கேட்டிருந்தார்கள். போன வாரம், “நோட்டெல்லாம் குடுங்க, பாத்துட்டுத் தர்றேன்,” என்று கேட்டபோது, பெருமை தாங்காமல், கூடையோடு இடுப்பில் ஏந்திக்கொண்டுபோய் இதே மேசையில் வைத்தவளும் அவள்தான்.

அந்த நோட்டுகளுக்குள் ஏழு மாதம் இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம் தனிவாசிப்பு. ஆளுக்கொரு புத்தகம், பெஞ்சிலோ பெஞ்சுக்கு அடியிலோ சுவரில் சாய்ந்தோ எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், பேசக் கூடாது. முடிவில் டீச்சர் கைமணியை ஒரே ஒரு தட்டுத் தட்டுவாள். உடனே எல்லோரும் ஒரு சிறு சீட்டு எடுத்துக்கொள்வார்கள். சீட்டில் நான்கு வட்டங்கள், அடியில் ஒரு கோடு. இன்று வாசிப்பு ஓடவே இல்லை என்றால் ஒரு வட்டத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டும். தொடங்கி, பாதியில் மனம் எங்கோ போய்விட்டால் இரண்டு. அங்கங்கே தடுக்கினாலும் தொடர்ந்து போயிருந்தால் மூன்று. தடுக்கிய இடத்துக்குத் திரும்பிப் போய்ப் புரிந்துகொண்டு வந்திருந்தால் நான்கு. கீழே உள்ள கோட்டில், 'இன்று எது தடுத்தது?' என்பதற்குப் பதில். எழுதி முடித்ததும் சீட்டைத் தன் நோட்டில் ஒட்டிக் கூடையில் போட்டுவிடலாம்.

இதைப் பழக்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முதல் மாதம் முழுக்க முப்பத்தெட்டு பேரும் நான்கு வட்டத்தையும் அப்பி வைத்தார்கள். வண்ணம் தீட்டக் கிடைத்தால் யார் விடுவார்கள்? பிறகு ஒருநாள் அவளே நடித்துக் காட்டினாள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். “இப்ப எனக்கு எத்தனை?” என்றாள். “ஒண்ணு!” என்று வகுப்பே கூரை அதிரக் கத்தியது. நான்கைந்து பக்கத்தை ஒன்றாகச் சேர்த்துத் திருப்பினாள். “ரெண்டு! இல்ல, ஒண்ணு! டீச்சர் ஏமாத்தறாங்க!” சிரித்துச் சிரித்து விக்கல் வந்த பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க வைத்துவிட்டு, அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “இது மார்க் இல்ல. நான் திட்ட மாட்டேன், அடிக்க மாட்டேன், யார்கிட்டயும் காட்ட மாட்டேன். யார் சீட்டைப் பத்தியும் யாரும் வெளியில பேசக் கூடாது. நமக்குள்ள இருக்கட்டும்.” அந்தக் கடைசி வாக்கியம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பென்சில் தொலைந்தால்கூட, “நமக்குள்ள இருக்கட்டும்,” என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள்.

மெல்ல மெல்ல உண்மை வரத் தொடங்கியது. 'பசிச்சுது.' 'பக்கத்துல இருந்தவன் மூக்கு உறிஞ்சிட்டே இருந்தான்.' 'அப்பா ஊருக்குப் போயிட்டாரு, அதையே நெனச்சேன்.' 'கூட்டெழுத்து ரெண்டு வந்தா பயமா இருக்கு.' சாயங்காலம் பேருந்தில் அந்த நோட்டுகளைப் படித்துக்கொண்டு போகும்போது டீச்சர் தன்னையறியாமல் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனது உண்டு.

எல்லாவற்றிலும் மூலை நைந்த அந்த நோட்டுதான் அவளுக்கு உயிர். அந்தப் பெண் வாசிக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும் என்பதால் வகுப்பில் அவளுக்கு 'முணுமுணு' என்று பெயர். வகுப்பிலேயே ஆழமாக வாசிக்கிறவள் அவள். அதிகம் ஒற்றை வட்டம் போடுகிறவளும் அவள்தான். 'இன்னிக்கு வாசிக்கல. நாய் செத்துப்போன பக்கத்துலயே இருந்தேன்' என்று ஒருநாள். 'கதையில் அண்ணன் ஏன் பொய் சொன்னான்னு தெரியல. அதுக்கு மேல போக முடியல' என்று ஒருநாள். ஒரு பக்கத்தில் அரை மணி நேரம் நின்றவள், பக்கம் நகரவில்லை, ஆகவே ஒன்று என்று தனக்குத் தானே கறாராகத் தீர்ப்பு எழுதிவிட்டு, ஒற்றை வட்டத்துக்குக் கோடு தாண்டாமல் நீலம் தீட்டியிருப்பாள். அந்தப் பக்கத்தில் அப்படி நிற்க இந்தப் பள்ளியில் எத்தனை பெரியவர்களுக்குத் தெரியும்?

அவள்தான் இப்போது குட்டை அடுக்கின் உச்சியில் இருந்தாள். உயரமான அடுக்கின் உச்சியில் இருந்தது 'நாலு'வின் நோட்டு. ஏழு மாதத்தில் ஒருநாள்கூட நான்குக்குக் குறையாமல் போட்டவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். எது தடுத்தது என்ற கோட்டில் தினமும் ஒரே பதில்: 'எதுவும் இல்லை.'

டீச்சர் நோட்டுகளைக் கேட்டாள். பட்டியல் போகிற வரை இங்கேயே இருக்கட்டும் என்றாள் தலைமையாசிரியை. அன்று மாலையே பதினொரு கடிதங்கள் பதினொரு பைகளில் ஏறிவிட்டன.

வகுப்புக்குத் திரும்பியதும் முன்பெஞ்சுக்காரி கேட்டாள், “டீச்சர், எங்க நோட்டெல்லாம் எங்க?”

“பத்திரமா இருக்கு,” என்றாள் டீச்சர். சொல்லி முடித்ததும் நாக்கில் கசந்தது. காலிக் கூடையைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினாள். கொஞ்சம் பலமாகவே தள்ளிவிட்டாள் போலிருக்கிறது. கூடை சுவரில் மோதிக் கவிழ்ந்தது.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அன்று இரவு வீட்டில் அவள் பேசாமல் துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தான். மடிப்பதிலேயே அவனுக்கு விஷயம் தெரிந்துவிடும். கோபமாக இருந்தால் அவள் அவன் சட்டைகளைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி மடிப்பாள்.

“யாரு?” என்றான்.

சொன்னாள். அவன் சிரிக்கவில்லை, ஆனால் ஆச்சரியப்படவும் இல்லை.

“எங்க கம்பெனியிலயும் இதே சீட்டுதான். கயிறு எப்படி இருக்கு, பிரேக் எப்படி இருக்குன்னு நானே பாத்து நானே எழுதிக் கையெழுத்துப் போடணும். வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு தடவை 'சரியில்லை'ன்னு எழுதினேன். கயித்தைப் பாக்க யாரும் வரல. என்னைப் பாக்க மூணு பேர் வந்தாங்க. ஏன் சரியில்ல, எப்பலேர்ந்து சரியில்ல, சரியில்லாத வரைக்கும் நீ என்ன பண்ணிட்டு இருந்தேன்னு. அதுலேர்ந்து எல்லாம் 'நன்று'தான்.”

“அப்ப அதுல ஏறிப் போறவங்க?”

“எனக்கென்ன தெரியும்? நான் படியிலதான் ஏறுவேன்.”

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அவன் சட்டையை மடிக்காமல் அப்படியே அவன் மடியில் எறிந்துவிட்டு எழுந்து போனாள். “என்மேல ஏண்டி எறியறே, நான் என்ன ஹெட்மாஸ்டரா?” என்று அவன் குரல் பின்னால் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, முதல் மணிக்கு முன்பே, வகுப்பு வாசலில் முணுமுணுவின் அம்மா நின்றிருந்தாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. கை விரல்கள் நீரில் ஊறி வெளுத்திருந்தன. அவள் முதுகுக்குப் பின்னால் முணுமுணு. அம்மாவின் கையில் கடிதம், மடித்த இடத்தில் ஈரம் பட்டுக் கிழியத் தொடங்கியிருந்தது.

“எனக்குப் பெருசா படிக்க வராது டீச்சர். பக்கத்து வீட்டுல குடுத்துப் படிச்சுக்கிட்டேன். 'தங்கள் மகள் தானே தெரிவித்தபடி'ன்னு போட்டிருக்காம். எட்டு வயசுப் புள்ள என்னத்தைத் தெரிவிச்சுச்சு? யார்கிட்டத் தெரிவிச்சுச்சு?”

டீச்சர் கடிதத்தை எட்டிப் பார்த்தாள்.

“நான் துணி மடிக்கிறப்ப பக்கத்துல உக்காந்து வாசிப்பா. கதையில யாராவது அழுதா இவளும் மூக்கைச் சிந்துவா. வாசிக்கத் தெரியாத புள்ள எப்படி டீச்சர் அழும்?” அவள் குரல் உயர்ந்தது. தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். “நேத்து அடிச்சுட்டேன். 'ஏண்டி உனக்கு நீயே ஒண்ணு போட்டுக்கிட்டே, கூறு கெட்டவளே'ன்னு முதுகுல வெச்சுட்டேன். 'டீச்சர்தான் உண்மையச் சொல்லச் சொன்னாங்க'ன்னு அழுவுறா. உண்மையச் சொன்னதுக்குப் புள்ளைய அடிச்சவ நான். இந்தக் கை விளங்குமா?”

“நான் பேசறேன்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள…”

“நீங்க பேசுவீங்க டீச்சர். நீங்க நல்லாத்தான் பேசுவீங்க.” அவள் கடிதத்தைத் திரும்ப மடித்தாள். “இனிமே என்கிட்ட இவ எதையாவது உள்ளபடி சொல்லுவாளா? அதை மட்டும் சொல்லுங்க.”

அவள் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று நடந்தாள். முணுமுணு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். முதுகைப் பெஞ்சில் சாய்க்காமல் உட்கார்ந்தாள்.

செவ்வாயும் புதனும் டீச்சர் வேறு எதுவும் நடத்தவில்லை. வகுப்புக்கு வண்ணம் தீட்டக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்கக் கேட்கத் தன் தாளில் எழுதிக்கொண்டாள். குட்டை அடுக்கில் இருந்த பதினொரு பேரில் ஏழு பேர் சரளமாக வாசித்தார்கள். அவர்களுடைய ஒற்றை வட்டங்கள் எல்லாம் பசியும் தூக்கமும் வீட்டுச் சண்டையும்தான். உயரமான அடுக்கில் இருந்தவர்களில் ஐந்து பேர் எழுத்துக் கூட்டவே திணறினார்கள். பொய் சொல்லத் தெரிந்தவர்களைத் தட்டிக்கொடுத்து, சொல்லத் தெரியாதவர்களைப் பின் கட்டடத்துக்கு அனுப்பப் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள் என்று நினைக்க நினைக்க அவள் பேனா தாளைக் கிழித்தது.

புதன் மதியம் நாலு வந்து உட்கார்ந்தான். யானையும் படகும் வரும் கதையை எடுத்துக்கொண்டு, கணீரென்று தொடங்கினான். “ஒரு யானை இருந்துச்சு. அதுக்குப் படகுன்னா ரொம்ப ஆசை. ஆனா படகுக்கு யானைன்னா பயம். ஏறாதே ஏறாதே, முழுகிடுவேன்னு படகு கத்துச்சு…” ஏற்ற இறக்கம், நிறுத்தம், பக்கம் திருப்பும் நேரம் எல்லாம் அளந்தாற்போல இருந்தது. கதையும் அழகாக இருந்தது. புத்தகத்தில்தான் அது இல்லை. படகு பேசுவதாக அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

டீச்சர் அவன் விரலைப் பிடித்து ஒரு சொல்லின்மேல் வைத்தாள். “இது என்ன?”

அவன் படத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். எதையும் கண்டுபிடிக்க முடியாமல், “ஆறு,” என்றான். அது 'கரை'.

“ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“நாலு போட்டா யாரும் கூப்பிட மாட்டாங்கல்ல டீச்சர்,” என்றான் அவன். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல சாதாரணமாகச் சொன்னான்.

உண்மைதான். ஏழு மாதத்தில் அவள் அவனை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. முப்பத்தெட்டு பேரில் ஒருவன் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறான் என்று நிம்மதியாக இருந்துவிட்டாள். தலைமையாசிரியை ஒரு வாரத்தில் செய்ததை அவள் ஏழு மாதமாகச் செய்துகொண்டிருந்திருக்கிறாள். மஞ்சள் காகிதம் ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

“இனிமே தெரியலன்னா தெரியலன்னு எழுது. நான் கூப்பிட்டுச் சொல்லித் தர்றேன்,” என்றாள். பழக்க தோஷத்தில், “நமக்குள்ள…” என்று வாய் தொடங்கிவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டாள். அவனே முடித்துவிட்டான், “நமக்குள்ள இருக்கட்டும்!” சிரித்துக்கொண்டே ஓடிப்போனான்.

அன்று மாலை தன் தாளைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியையின் முன் வைத்தாள். தலைமையாசிரியை பொறுமையாகத்தான் பார்த்தாள்.

“இது நீங்க எழுதினது. அது குழந்தைங்க எழுதினது. நாளைக்கு யாராவது கேட்டா நான் எதைக் காட்டறது?”

“பிள்ளைங்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்க மேடம். ஆளுக்குப் பத்து நிமிஷம்.”

“முப்பத்தெட்டு பத்து எவ்வளவு? யாருக்கு இருக்கு நேரம்?” அவள் கண்ணாடியைக் கழற்றினாள். குரல் இறங்கியது. “இங்க பாருங்க. உங்க மனசு எனக்குப் புரியாம இல்ல. நாளைக்கு ஒரு தடவை புதுச் சீட்டு குடுத்து எழுத வைங்க. அந்தப் பொண்ணு ஒரு மூணோ நாலோ போட்டா, 'முன்னேற்றம் தெரிகிறது'ன்னு குறிச்சு இந்தப் பக்கம் எடுத்து வெச்சுடறேன். மத்தவங்களுக்கும் அப்படித்தான். மணி அடிச்சதும் ஆயாவை அனுப்பறேன், குடுத்துவிடுங்க. அதுக்கு மேல என்னால ஆகாது.”

பேருந்தில் வீடு திரும்பும்போதும் மறுநாள் காலையில் வரும்போதும் டீச்சர் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'இன்னிக்கு மட்டும் எல்லாரும் நாலு போடுங்க.' ஐந்து சொல். சிரித்துக்கொண்டே சொல்லலாம், விளையாட்டுபோல. ஒரு பெண் பிள்ளை பின் கட்டடத்தின் சொல் பட்டியலிலிருந்து தப்புவாள். அவள் அம்மாவின் கை ஓயும். இதில் என்ன குடிமுழுகிவிடும்? ஆனால் கரும்பலகை முன்னால் நின்று, முப்பத்தெட்டு முகங்களைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. தலைமையாசிரியைமேல் வந்த கோபம், மேலிடத்துத் தாள்மேல் வந்த கோபம், எல்லாம் சுற்றிச் சுற்றி அவள் நாக்கிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்றும் சொல்லாமல் தன் நாற்காலியில் உட்கார்ந்து, தானும் புத்தகத்தை விரித்துக்கொண்டாள்.

அரை மணி நேரம் முடிந்து மணியைத் தட்டினாள். சீட்டுகளைக் கொடுத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. வழக்கமாகச் சீட்டு எழுதும் நேரத்தில் ஒரு யோசனை ஓடும். பென்சிலைக் கடிப்பார்கள், கூரையைப் பார்ப்பார்கள், இரண்டா மூன்றா என்று விரலை மடக்குவார்கள். அன்று ஒரே சீராக, மழை பெய்வதுபோல, வண்ணப் பென்சில்கள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு நிமிடத்தில் எல்லாச் சீட்டும் மேசைக்கு வந்துவிட்டது.

நான்கு. நான்கு. நான்கு. எது தடுத்தது: எதுவும் இல்லை. எதுவும் இல்லை. எதுவும் இல்லை. தினமும் பசிக்கிற பிள்ளைக்கு அன்று பசிக்கவில்லை. கூட்டெழுத்துக்குப் பயந்தவளுக்குப் பயம் போய்விட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கடிதம் சொல்லிக்கொடுத்துவிட்டது. டீச்சர் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஏழு மாதம் உட்கார்ந்து கட்டியது அவள் விரலுக்கு அடியில் சீட்டு சீட்டாகச் சரிந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரே ஒரு சீட்டில் மூன்று வட்டங்கள் வெள்ளையாகக் கிடந்தன. ஒற்றை வட்டம், சிவப்பு, கோட்டைத் தாண்டி அப்பியது. அடியில், எங்கோ பார்த்து எழுதியது மாதிரி பெரிய பெரிய எழுத்து: 'தெரியல.' நாலுவுடையது. தலையைத் தூக்கினாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், கூப்பிடப் போகிறாள் என்ற நம்பிக்கையோடு.

கடைசிச் சீட்டு முணுமுணுவுடையது. நான்கு வட்டம். கோடு தாண்டாத அதே நீலம். அடியில் இரண்டே சொல்: 'டீச்சர் மாதிரி.'

அவளைப் பக்கத்தில் அழைத்தாள். “இது என்னம்மா? என்ன மாதிரி?”

முணுமுணு டீச்சரின் நாற்காலிக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாள். அங்கே ஓர் ஆணியில் டீச்சரின் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தியிருந்தன. பிள்ளைகளுக்கு மாதிரியாக இருக்கட்டும் என்று முதல் நாளிலிருந்து அவளும் தினமும் ஒன்று எழுதிக் குத்திவந்தாள். எல்லாம் நான்கு. மாதிரிக்குத்தானே என்று மணி தட்டிய கையோடு தீட்டிவிடுவாள். அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

“நீங்க தினமும் நாலு போடுவீங்க,” என்றாள் முணுமுணு, காதோடு பேசுகிற குரலில். “ஆனா நீங்க பக்கமே திருப்ப மாட்டீங்க டீச்சர். எங்களையேதான் பாத்துக்கிட்டு இருப்பீங்க. ரொம்ப நாளா அதே பக்கம். கப்பல் படம் போட்ட பக்கம்.”

டீச்சர் திரும்பி மேசையைப் பார்த்தாள். புத்தகம் விரித்தபடி கிடந்தது. கப்பல் படம்.

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“யார் சீட்டைப் பத்தியும் யாரும் பேசக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல?” அந்தப் பெண்ணின் முகத்தில் குத்தலும் இல்லை, குறையும் இல்லை. “அதான், நமக்குள்ள இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அவள் தன் இடத்துக்குப் போனாள். பெஞ்சில் முதுகு படாமல், நுனியில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. ஆயா தலையை நீட்டினாள். “பெரிய டீச்சர் சீட்டைக் கேட்டாங்கம்மா. கையோட வாங்கிட்டு வரச் சொன்னாங்க.”

முப்பத்தெட்டு சீட்டுகளும் டீச்சரின் இடது கையில் இருந்தன. கனமே இல்லை. கொடுத்தால் முணுமுணு இந்த அறையில் இருப்பாள். நாலு பின் கட்டடத்துக்குப் போவான், இந்த ஏழு மாதத்தில் அவன் எழுதிய ஒரே உண்மைக்காக. கொடுக்காவிட்டால் பழைய பட்டியல் அப்படியே நிற்கும். அந்தச் சிவப்பு வட்டத்தை மட்டும் உருவி எடுத்துவிடலாம். அவளே ஒரு சிவப்புப் பென்சிலால் மீதி மூன்று வட்டத்தை நிரப்பிவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? முப்பத்தெட்டு பேருக்கும் தெரியும். பக்கம் திருப்பாதது தெரிந்த மாதிரி.

“ஒரு நிமிஷம் ஆயா.”

சீட்டுகளை மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள். புதிதாக ஒரு சீட்டை எடுத்தாள். நின்றபடி எழுத வராமல், முன்பெஞ்சில் பிள்ளைகளுக்கு நடுவில் முழங்கால் மடங்க உட்கார்ந்தாள். “சிவப்பு இருக்கா?” என்றாள். நாலு பின்னாலிருந்து ஓடிவந்து தன் பென்சிலைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றான்.

டீச்சர் முதல் வட்டத்தின் விளிம்பிலிருந்து தொடங்கினாள். கோட்டைத் தாண்டாமல் தீட்டுவது இவ்வளவு கஷ்டமான வேலை என்று இத்தனை நாள் அவளுக்குத் தெரியாது. ஒன்று முடிந்தது. பக்கத்திலிருந்த மூன்று வட்டங்களையும் விட்டுவிட்டாள். பென்சில் கீழே இறங்கி, கோட்டின்மேல் முனை பட நின்றது. இன்று எது தடுத்தது? பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. ஒவ்வொருவராக எழுந்து வந்து அவளைச் சுற்றி நெருக்கி நின்றார்கள். யாரோ அவள் கழுத்துக்குப் பின்னால் மூக்கு உறிஞ்சினார்கள். வலது பக்கத்தில், அவள் தோளுக்கு மேலே, ஓர் உதடு இன்னும் எழுதப்படாத சொல்லை வாசிக்கத் தயாராக அசைந்துகொண்டிருந்தது. ஆயா வாசலில் கால் மாற்றி நின்று, கதவை மறுபடியும் தட்டினாள்.